ஒண்ணுபோதும் மீது நான் போட்ட பழி

இதை எழுத நான்கு வருஷமாகத் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அப்படியே மூடி வைத்துவிடுவேன். வெறும் பிள்ளையார் சுழி மட்டும் உள்ள பக்கங்கள் என் வீட்டில் ஏராளம். நான் எட்டாவது வரை படித்து, செஞ்சி நெல் மண்டியில் மூட்டை எடை போடுகிறவன். எழுத்து வராது என்று மனைவியிடம் சாக்கு சொன்னேன். உண்மையில் வெட்கம்தான். ஒரு நல்ல மனிதரின் பேரை நான் நாலு பேர் நடுவில் கெடுத்தேன். அந்தப் பேரை அவருக்குத் திருப்பித் தரத்தான் இன்று அம்மனை வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உலகத்தில் எதுவும் இரண்டாக இருந்தால் பொறுக்காத ஒரே ஆள் எங்கள் செஞ்சியில்தான் இருந்தார். பேர் ஒண்ணுபோதும். பெற்றவர்கள் வைத்த பேர் ஏதோ இருந்திருக்கும், நான் கேட்டதில்லை. டீக்கடைக்காரர் தட்டில் இரண்டு வடை வைத்தால், "ஒண்ணு போதும்" என்று இன்னொன்றைப் பக்கத்தில் இருப்பவர் தட்டில் போட்டுவிடுவார். சட்டைக்கு இரண்டு பாக்கெட் வைத்துவிட்ட டெய்லரிடம் ஒன்றைப் பிரிக்கச் சொல்லி, "இது உன்னுது" என்று அந்தத் துண்டுத் துணியை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தார். கோட்டை பார்க்க வந்த ஒரு வெளியூர்க் குடும்பம் வழி கேட்டதற்கு இவர் சொன்ன பதிலை நானே காதால் கேட்டேன்.

"ராஜா கோட்டைய மட்டும் பாத்துட்டு ஊட்டுக்குப் போங்க. ராணி கோட்டை வேணாம். புருசன் பொண்டாட்டிக்கு இன்னாத்துக்கு தனித்தனி மலை?"

சாமியையும் விடமாட்டார். "முருகன் மேல மரியாத இருக்குதுண்ணா. இருந்தாலும் ரெண்டு சம்சாரம். அதான் நான் அங்காளம்மன் கட்சி." நான் என் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அவருக்காகவும் ஒரு தரம் போட்டுக்கொண்டேன்.

இந்தக் குணத்துக்கு ஆண்டவன் பார்த்துக் கொடுத்த தொழில், டிவி பெட்டியில் இரட்டை இரட்டையாகச் சேர்ந்துவிட்ட சேனல்களை அழிப்பது. டிஷ் மாட்டுவார், ஒயரும் இழுப்பார். ஆனால் ஒரே சேனல் இரண்டு இடத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டால்தான் கண்ணில் வெளிச்சம் வரும். சிங்கவரத்துக்கு சைக்கிளில் போவார், அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறுவார். அவலூர்பேட்டையில் இரண்டு குடும்பம் வைத்திருந்த ஒரு பெரிய மனிதர், இவர் பஸ்ஸை விட்டு இறங்குவதைப் பார்த்தாலே கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவாராம்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது என் மனைவி மல்லிகாவுக்காக. கல்யாணம் ஆன நாளிலிருந்து அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மன் கோவிலுக்குப் போனவள். முழங்கால் போய், சர்க்கரையும் வந்த பிறகு அந்தக் கூட்டத்தில் நிற்க முடியவில்லை. அம்மனின் ஊஞ்சல் உற்சவம் நடு ராத்திரியில் நடக்கும். ஒரு பக்தி சேனலில் காட்டுவார்கள், ஆனால் கண் விழிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்காகவே என் மகள் ரெக்கார்டு பண்ணுகிற பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தாள். மல்லிகா அமாவாசை அன்றைக்கு விரதம் இருந்து, மறுநாள் காலையில் குளித்து, ரெக்கார்டு ஆன ஊஞ்சலைப் போட்டு, டிவிக்கே சூடம் காட்டுவாள். அம்மன் முகத்தைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தவன் நான். மழை பெய்தால் படம் உடையும். உடைந்தால் ரிமோட்டில் ஸ்கேன் அமுக்குவேன். கோவிலை மூன்று சுற்று சுற்றுவதைவிட ஒன்பது சுற்று விசேஷம் என்று வளர்ந்தவன், அதனால் ஒரு தரத்தோடு விடமாட்டேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் பெட்டி, இருக்கிற சேனல்களையே மறுபடியும் சேர்த்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. அம்மன் வரும் சேனல் ஏழு இடத்தில் இருந்தது. ஒன்றில்தான் படம் வரும். மற்ற ஆறிலும் பேர் மட்டும் இருக்கும், திரை கருப்பு.

ஒண்ணுபோதும் அந்தப் பட்டியலைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாண்ணா இது? சேனலா, ரேசன் கடை க்யூவா?"

"மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட முடியாதாப்பா?"

"அஞ்சு நிமிசம். ஆனா அக்கா சேத்து வச்சிருக்கற பழைய அமாவாசை எல்லாம் போய்டும். பரவால்லியா?"

"ஐயோ வேணாம்பா!" சமையல்கட்டிலிருந்து மல்லிகா கத்தினாள்.

அவர் பாயைப் போட்டு உட்கார்ந்தார். காலையில் தொடங்கி சாப்பாட்டு நேரம் தாண்டும் வரை ஒவ்வொன்றாக அழித்தார். ஒவ்வொன்றுக்கும், "போ ராஜா, வராத" என்று வழியனுப்பு. முடித்துவிட்டு எனக்குப் பாடம் எடுத்தார். "ரெக்கார்டு பேரப் பாக்காதுண்ணா, நம்பரத்தான் பாக்கும். நீங்க ஸ்கேன் போட்டா நம்பரெல்லாம் கலஞ்சிடும். அது பாட்டுக்கு கருப்பப் புடிச்சி வச்சிக்கும்." ரிமோட்டில் ஸ்கேன் பட்டன் மேல் கருப்பு டேப் ஒட்டினார். "இது மேல கை வச்சீங்க, நான் மனுசனா இருக்கமாட்டேன்."

பதினோரு அமாவாசை அம்மன் குறையில்லாமல் வந்தாள்.

பன்னிரண்டாவது அமாவாசை சாயங்காலம் நல்ல மழை. படம் உடைந்தது. மல்லிகா விளக்கேற்றப் போன நேரம் பார்த்து டேப்பைப் பிரித்தேன், ஸ்கேன் அமுக்கினேன். படம் வந்தது. பெருமையாக இருந்தது. டேப் திரும்ப ஒட்டவில்லை. கண்ணாடியில் மல்லிகா ஒட்டி வைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து, டேப்பைப் பிடித்துக்கொள்ளும்படி ஒட்டி வைத்தேன்.

மறுநாள் காலையில் ரெக்கார்டைப் போட்டால் கருப்பு. தள்ளித் தள்ளிப் பார்த்தோம். மூன்று மணி நேரமும் கருப்பு. சூடத் தட்டோடு மல்லிகா நின்றாள்.

"இன்னாங்க, அம்மா மொகத்தக் காட்ட மாட்றாளே?"

சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது மணிக்கு வியர்த்துக் கொட்டி கை நடுங்கியது. சர்க்கரைத் தண்ணீரைக் கோவில் தீர்த்தம் என்று பொய் சொல்லிக் குடிக்க வைத்தேன். நடுக்கம் நின்றது. இட்லியைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனேன். கையில் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார் ஒண்ணுபோதும்.

"யோவ்! என் பொண்டாட்டிக்கு எதனா ஆச்சின்னா நீதான்யா காரணம்! வேல தெரியாதவனுக்கு எதுக்குய்யா இந்தப் பொழப்பு?"

"ரெக்கார்டு வரலியாண்ணா?"

"கருப்பு! மூணு மணி நேரமும் கருப்பு!"

"ஸ்கேன் எதனா..."

"நான் ஏன்யா அதத் தொடப்போறேன்?"

கிளாஸைப் பெஞ்சில் வைத்தார். "அப்ப என் தப்புதாண்ணா" என்றார்.

எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் கத்தினேன். கூட்டம் சேரச் சேர என் குரல் ஏறியது. அத்தோடு விடாமல் மண்டிக்குப் போய் அங்கேயும் ஒரு தரம் சொன்னேன். சாயங்காலம் வீடு திரும்பியபோது மல்லிகா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எப்படி என்று நான் கேட்கவில்லை.

நான் சொன்னதை ஊர் வளர்த்தது. பஸ் ஸ்டாண்டில் மயக்கம் என்றிருந்தது, மண்டியில் ஆஸ்பத்திரி ஆகி, அவலூர்பேட்டை போய்ச் சேர்ந்தபோது சாவாகிவிட்டது. மறுநாள் காலையில் அங்கிருந்து மல்லிகாவின் அண்ணன் மகன் பெரிய மாலையோடு வந்து நின்றான். கதவைத் திறந்தவள் மல்லிகா.

"யாருடா போய்ட்டது?"

அவன் எச்சில் விழுங்கினான். "நீதான் அத்தை."

மாலையை வீணாக்காமல் அம்மன் படத்துக்குப் போட்டுவிட்டு, அவனுக்குக் காபி கொடுத்தாள். அவன் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நேத்து மதியம் நீங்க மண்டியில இருந்தப்ப அவரு வந்தாரு. ரிமோட்டுல என் பொட்டு இருந்ததப் பாத்தாரு. ரெட்டயா இருந்ததயெல்லாம் அழிச்சிட்டு, 'நாலு மணிக்கு சேனல்ல ஊஞ்சல மறுபடி போடுவான்னு நெனக்கிறேன்க்கா, பாத்துட்டு சாப்டுங்க'ன்னாரு. போறப்ப, 'பொட்டு விசயம் அண்ணன்கிட்ட வேணாம், சங்கடப்படுவாரு'ன்னு சொன்னாரு. நானும் வாயத் தொறக்கல. இப்ப மாலையே வந்துட்டுது. போய் அதே டீக்கடையில நின்னு, நாந்தான் அமுக்குனேன்னு சொல்ட்டு வாங்க."

"மழ விடட்டும்" என்றேன். மழை விட்டது. பொங்கல் கழியட்டும் என்றேன். அதற்குள் ஒருத்தரும் அவரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்றாகிவிட்டது. "அவன் கை வச்சா சேனலும் போவும், ஆளும் போவும்" என்று சிரிப்பார்கள். நானும் அங்கே நின்று டீ குடித்திருக்கிறேன். மேல்மலையனூர் போய் அங்கப்பிரதட்சணம் செய்தேன். அம்மனிடம் மன்னிப்பு கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது, டீக்கடையில் இருப்பவர்கள் காதில் விழாது.

மாசி தேர் முடிந்து ஒருவழியாக அவர் தங்கியிருந்த அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. காலி செய்துவிட்டார் என்றார்கள்.

இரண்டு வருஷம் கழித்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவர்தான் என்னை முதலில் பார்த்தார். பஸ்களுக்குப் பார்சல் ஏற்றும் வேலை. இளைத்திருந்தார். தலையில் இருந்த பெட்டியைக்கூட இறக்காமல் ஓடி வந்தார்.

"அண்ணா, அன்னிக்கு நாலு மணிக்குப் போட்டானா? அக்கா சாப்ட்டாங்களா?"

"போட்டான்பா. நல்லா சாப்ட்டா."

"அப்பாடா" என்று சிரித்தார். "அது ஒண்ணுதாண்ணா, அப்பப்ப ஞாபகம் வரும்."

"தம்பி, அன்னிக்கு நாந்தான்..."

"தெரியும்ணா. விடுங்க."

"செஞ்சிக்கு வந்துடுப்பா."

"அங்க யாருண்ணா இப்ப என்னக் கூப்புடுவாங்க?" கோபமே இல்லை. மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டுவிட்டு பஸ் ஏணியில் ஏறினார்.

அதனால் படிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். ஸ்கேனை அமுக்கியவன் நான், பொட்டு ஒட்டி மறைத்தவன் நான், பொய் சொன்னவனும் நான். அவர் வேலையில் ஒரு குறையும் கிடையாது. இதை இப்படியே நாலு பேரிடம் சொல்லுங்கள். ருசிக்காக ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், என் வயசைப் பார்த்து ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம். திண்டிவனம் பக்கம் போகிறவர்கள் அவரைப் பார்த்தால், நாங்கள் இரண்டு பேரும் கேட்டதாகச் சொல்லுங்கள்.