மூன்று நாட்டுச் சமாதானமும் ஒரு வட்டப் பந்தியும்

நான் ஒரு காலத்தில் மூன்று நாடுகளுக்குச் சமாதானம் உண்டாக்கும் வேலையில் இருந்தேன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. என் மருமகள் நல்ல பெண், முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டாள். அடுப்படிக்குப் போய்ச் சிரித்துவிட்டு வருவாள். ஆனால் அது உண்மை. இருபத்து மூன்று வயதில் இந்தியா, இலங்கை, பர்மா மூன்றிலும் ஓர் உலக நல்லுறவுச் சங்கத்தின் பணிகளை நடத்தும் செயலாளர் நான்தான். அந்தச் சமயத்தில் எனக்கும் என் அண்ணன் தங்கராஜுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது (என் புதுக் குடையைக் கடன் வாங்கி தக்கலைச் சந்தையில் தொலைத்துவிட்டான்). விண்ணப்பத்தில் இதை நான் குறிப்பிடவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்து, இனி இப்படி ஒன்று வரவே கூடாது என்று நல்ல மனசுக்காரர்கள் ஆளுக்கொரு சங்கம் வைத்துக்கொண்டிருந்தார்கள். லாபம் எதுவும் பார்க்காமல் நன்கொடையில் நடந்த எங்கள் சங்கத்துக்குத் தலைமை அலுவலகம் அங்கே ஏதோ ஓர் ஏரிக்கரையில் இருந்தது. நாகர்கோவிலில் ஒரு கயிற்றுக் கடையின் மாடியில் எங்கள் கிளை. பி.ஏ. படித்தவள், இங்கிலீஷில் சரளமாக எழுதுவாள், சம்பளம் அதிகம் கேட்க மாட்டாள் என்று என்னை ஆறு மாதத் தவணையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், என் பெயர் அச்சடித்த கடிதத்தாள். அந்தக் கடிதத்தாளின் மேல் எனக்கு இருந்த மோகம் கொஞ்சநஞ்சமல்ல. அம்மா மீன் வாங்கச் சொல்லிக் குறிப்பு கேட்டால்கூட அதில்தான் எழுதிக் கொடுப்பேன்.

மாதாமாதம் அறிக்கை அனுப்ப வேண்டும். 'இலங்கையில் அமைதி நிலவுகிறது' என்று எழுதுவேன். 'பர்மாவில் நம்பிக்கையூட்டும் அறிகுறிகள் தென்படுகின்றன' என்று எழுதுவேன் (அந்த வாரம் பர்மாவைப் பற்றிப் பத்திரிகையில் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம்). இப்படியே இரண்டு நாடுகளையும் ஐந்து மாதம் சண்டையில்லாமல் காப்பாற்றிவிட்டேன்.

ஐந்தாம் மாதக் கடைசியில் கடிதம் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து மிஸ் ஹான்சன் என்ற அம்மையார் வருகிறார். நான் தீர்த்துவைத்த ஒரு சண்டையையாவது கண்ணால் பார்க்க வேண்டுமாம். அதற்குச் சாட்சியாக, இரண்டு தரப்புத் தலைவர்களும் ஒரே தாளில் போட்ட கையெழுத்து வேண்டும். கையெழுத்து இருந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் அப்பா எனக்காகப் பேசி வைத்திருந்த வேலைக்குப் போக வேண்டியதுதான். முதல் வகுப்பில் மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டே அ, ஆ சொல்லிக்கொடுக்கும் வேலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த இரண்டு கையெழுத்துக்காக நான் எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

சண்டைக்கு எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை. தக்கலைக்குத் தெற்கே ஓர் ஊர் (பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்கள் இன்னும் என்னை மறக்கவில்லை). ஒரே கிறிஸ்தவச் சபை, இரண்டு தெரு. எங்கள் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு அசனம் உண்டு. வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் கொண்டுவந்து கொட்டி, ஆலய வளாகத்தில் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஏழு வருடத்துக்கு முன் நடந்த அசனத்தில் கீழத்தெரு ஆட்கள் உட்கார்ந்த பக்கத்திலிருந்து கிடாக் கறி விளம்ப, அதாவது பரிமாற, தொடங்கியிருக்கிறார்கள். மேலத்தெருவுக்கு வருவதற்குள் துண்டு தீர்ந்துவிட்டது. சட்டியில் மிச்சமிருந்த சாறு மட்டும் இலையில் விழுந்தது. மேலத்தெருத் தலைவர் மாசிலாமணி எழுந்தார், தெரு முழுக்க எழுந்தது. அன்றிலிருந்து இரண்டு அசனம், இரண்டு அடுப்பு. ஆலயத்துக்குள்ளும் ஆளுக்கொரு பக்கம். கீழத்தெருத் தலைவர் சத்தியநேசன் தும்மினால்கூட மாசிலாமணி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நான் போய்ப் பேசினேன். சேர்ந்து அசனம் வைக்க இரண்டு பேரும் உடனே சம்மதித்தார்கள். (என் பேச்சுத் திறமை என்று அப்போது நினைத்தேன். வெள்ளைக்கார அம்மா எதிர்த்தெருவில் மட்டும் சாப்பிட்டுவிடக் கூடாதே என்பதுதான் காரணம்.)

"எல்லாம் செரி மக்ளே, வெளம்புறது எங்கேருந்து தொடங்கும்?" என்றார் மாசிலாமணி.

"வெளம்புறது எங்கேருந்துன்னு சொல்லிட்டுப் போ" என்றார் சத்தியநேசனும், தன் வீட்டில்.

சங்கம் கொடுத்திருந்த கைநூலைப் புரட்டினேன். முதல் ஆளும் இல்லாமல் கடைசி ஆளும் இல்லாமல் செய்வதுதான் சமாதானம், அதற்கு வட்ட மேசை சிறந்தது என்று போட்டிருந்தது. அறுபது பேருக்கு வட்ட மேசைக்கு நான் எங்கே போவேன்? ஆனால் வட்டமாக இலை போடலாமே! அந்த எண்ணம் வந்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு தடவை குதித்தேன். கீழே கயிற்றுக் கடைக்காரர் என்ன விழுந்தது என்று ஏறி வந்து பார்த்தார்.

அசனத்தன்று காலையில் நடுவில் ஒரு முளையடித்து, கயிறு கட்டிச் சுற்றி வந்து, கோலப்பொடியால் நானே வட்டம் போட்டேன். மேலத்தெரு ஆள் ஒருவர், கீழத்தெரு ஆள் ஒருவர் என்று மாற்றி மாற்றி, எல்லாரும் உள்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். இலையோடு இலை தொட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எங்காவது இடைவெளி விட்டால் அங்கே ஒரு முதல் ஆளும் கடைசி ஆளும் முளைத்துவிடுவார்கள் அல்லவா? வட்டத்தின் நடுவே சோறு, பருப்பு, கூட்டு, அவியல். விளம்புவதற்குக் கீழத்தெருப் பொன்னையா, மேலத்தெரு ராசையா. நான் விசில் ஊதியதும் எதிரெதிர் இடத்தில் ஒரே நொடியில் தொடங்குவார்கள். தலைவர்கள் இருவரும் அடுத்தடுத்த இலையில். மிஸ் ஹான்சன் எதிரே, ஆறடி உயரத்தை எப்படியோ மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

சபையை நடத்தும் உபதேசியார் ஜெபம் பண்ணினார். நான் விசில் ஊதினேன். உப்பு விழுந்தது, கூட்டு விழுந்தது, சோறு விழுந்தது. ஒரு முணுமுணுப்பு இல்லை. மிஸ் ஹான்சன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். எனக்கு நிலை கொள்ளவில்லை. நிரந்தர வேலைக்கு நன்றிக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றுகூட மனசுக்குள் யோசித்துவிட்டேன்.

அப்போது பொன்னையா நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"கறி எடுக்கப் போணும். வழி எங்க?"

"வந்த வழியாட்டுப் போரும் வே" என்றார் ராசையா.

"வந்த வழியில ஆளு இருக்குல்லா!"

கிடாக் கறி வட்டத்துக்கு வெளியே, ஆலயத்தின் பின்னால், பெரிய வார்ப்பு அண்டாவில் இருந்தது. சூடாக வரட்டும் என்று அங்கேயே வைக்கச் சொன்னதும் நான்தான். விளம்புகிறவர்கள் இரண்டு பேரும் வட்டத்துக்குள். அவர்களைச் சுற்றி ஓர் ஆள் நுழைய இடமில்லாமல் அறுபது இலை. சோறு விழுந்த இலையை யாரும் தாண்ட மாட்டார்கள், அது எங்கள் பக்கத்தில் நினைத்தே பார்க்க முடியாத காரியம். மூன்று நாட்டுச் சமாதானச் செயலாளர் இரண்டு மனிதர்களை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டாள்.

"ஆராவது ஒருத்தர் எந்திச்சு வழி விடுங்க" என்று கெஞ்சினேன்.

"நான் எந்திக்க மாட்டேன். ஏழு வருஷத்துக்கு முன்ன எந்திச்சதுக்கே இன்னும் பேச்சு கேக்கேன்" என்றார் மாசிலாமணி.

"அப்ப நாங்க எந்திக்கவா? நாளைக்குக் கீழத்தெருக்காரன் பந்தியில இருந்து ஓடிட்டான்னு ஊரு பூரா பாடவா?" என்றார் சத்தியநேசன்.

வட்டம் முழுக்க இதே பதில்தான். ஒருவர்கூட அசையவில்லை. நான் வெளியே சுற்றி ஓடி மிஸ் ஹான்சனின் காதருகே குனிந்து, நீங்கள் எந்தத் தெருவும் இல்லையே, ஒரு நிமிடம் எழுந்து வழி விட முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டேன்.

அவர் அன்போடு தலையை ஆட்டி மறுத்தார். "எல்லாரும் முடிக்கும் முன் பந்தியிலிருந்து எழுவது பெரிய அவமதிப்பு. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, கிரேஸ்."

எப்படி மறக்கும்? எங்கள் பந்தி வழக்கங்களை இரண்டு பக்கம் டைப் அடித்து, அந்த வரிக்கு அடிக்கோடும் போட்டு அவருக்கு அனுப்பியவள் நான்தானே.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. பொன்னையா நடுவிலிருந்த முளையின் மேலேயே உட்காரப் பார்த்தார். இனி ஒரே வழிதான். ஒரு தூக்குவாளியில் கறியை மொண்டுகொண்டு வந்தேன். தலைவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குனிந்து, தோளுக்கு மேலாக உள்ளே நீட்டினேன். பொன்னையா ஓடி வந்து பிடித்தார். ராசையாவும் ஓடி வந்து பிடித்தார். கறியை முதலில் தொட்ட தெரு எது என்ற கேள்வி வந்துவிட்டதல்லவா, இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நானும் விடவில்லை. பின்வாங்கலாம் என்றால் என் சேலை முந்தானை சத்தியநேசனின் முழங்காலுக்கு அடியில் இருந்தது.

வாளி கவிழ்ந்தது. வார்ப்பை இறக்கி அரை மணி நேரம் ஆகியிருந்ததால் யாருக்கும் சுடவில்லை, வெந்தது என் மானம் மட்டும்தான். ஆனால் அந்த வாளி செய்த அநியாயத்தைக் கேளுங்கள். சாறு முழுக்க மாசிலாமணியின் வழுக்கைத் தலையில். துண்டு முழுக்க சத்தியநேசனின் மடியில்.

புருவத்திலிருந்து சொட்டிய சாற்றைத் துடைத்துக்கொண்டு மாசிலாமணி மெதுவாகத் திரும்பினார். ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சத்தியநேசனின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"கண்டீரா வே? இப்பவும் எங்களுக்குச் சாறுதான்."

சத்தியநேசன் குனிந்து தன் மடியைப் பார்த்தார். அதில் பெரிய துண்டாகப் பார்த்து ஒன்றை எடுத்து மாசிலாமணியின் இலையில் வைத்தார்.

"இந்தாரும். இது உமக்குள்ளதாக்கும். அண்ணைக்கே தந்திருக்கணும்."

மாசிலாமணி அதை எடுத்து வாயில் போட்டு, அறுபது பேர் பார்த்திருக்க, நிதானமாக மென்றார்.

"உப்பு கொறவு" என்றார்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, வட்டம் என்பதால் கண்டுபிடிக்க முடியவில்லை. சத்தியநேசன் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த துண்டெல்லாம் தரையில் விழுந்தது. பெண்கள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். எனக்கு எங்கிருந்தோ ஒரு சந்தோஷம் பொங்கிக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அழகான காட்சி அது, இன்றைக்கும் நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டு தலைவர்களும் ஒன்றாக என் பக்கம் திரும்பியிருந்தார்கள்.

"ஏட்டி, சோத்துக்கு ஆராவது வட்டம் போடுவாளா?" என்றார் மாசிலாமணி.

"படிச்ச பிள்ளயாக்கும் இது! பி.ஏ.யாக்கும்!" என்றார் சத்தியநேசன்.

பிறகு இரண்டு தெருவும் என்னை ஏசின ஏச்சு இருக்கிறதே! கீழத்தெரு ஒன்று சொன்னால் மேலத்தெரு ஆமா ஆமா என்றது. மேலத்தெரு விட்ட இடத்தில் கீழத்தெரு பிடித்துக்கொண்டது. விசிலைப் பிடுங்கிக்கொண்டார்கள். அப்புறம் எல்லாரும் சேர்ந்தே எழுந்தார்கள், அதனால் யார் முதலில் எழுந்தது என்ற பேச்சே வரவில்லை. புது இலைகளை நேர் வரிசையாகப் போட்டு, கிடைத்த இடத்தில் கலந்து உட்கார்ந்தார்கள். எங்கிருந்து விளம்பினார்கள் என்று ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. கறி எல்லாருக்கும் போய் மிச்சமும் இருந்தது.

சாப்பாடு முடிந்ததும், பதினான்கு பிரிவுகளாக நான் டைப் அடித்து வைத்திருந்த உடன்பாட்டை நீட்டினேன். மாசிலாமணி அதைப் படிக்கக்கூட இல்லை. தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் சத்தியநேசனிடம் கேட்டுக் கேட்டு நாலு வரி எழுதினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு என்னிடமே தந்தார்கள். மிஸ் ஹான்சன் ஆவலோடு வந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"சமாதானம் என்று எழுதியிருக்கிறது."

"நாலு வரி இருக்கிறதே?"

வேறு வழியில்லாமல் வரி வரியாக மொழிபெயர்த்தேன். 'இரண்டு தெருவும் ஒருமனதாய் முடிவு செய்தது. இனி அசனம் ஒன்றே. வளைத்து இலை போடக் கூடாது. கிரேஸ் என்ற பிள்ளை பந்திப் பக்கம் வரக் கூடாது, வந்தால் விளம்புவது நிறுத்தப்படும்.' கடைசி வரிக்கு வந்தபோது முதல் வகுப்புக் குழந்தைகளின் மூக்கெல்லாம் என் கண் முன்னே வரிசையாக வந்து நின்றது.

மிஸ் ஹான்சன் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ஏழு வருடம் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர் ஒன்றில் ஒத்துப்போயிருக்கிறார்கள். எதில் என்பது நமக்கு முக்கியமில்லை" என்றார். வேலை நிரந்தரமாயிற்று. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். ஏரிக்கரைக்குத் திரும்பியதும், தன்னையே பொது எதிரியாக்கி இரு தரப்பையும் இணைக்கும் புது முறை ஒன்றைச் செயலாளர் கிரேஸ் கண்டுபிடித்திருப்பதாக அறிக்கை எழுதிவிட்டார். அடுத்த ஆறு வருடம், சண்டை தீராத இடத்துக்கெல்லாம் கப்பலேற்றி என்னை அனுப்பினார்கள். கொழும்பில் இரண்டு சங்கங்கள் சேர்ந்து என்மேல் புகார் கொடுத்தன. ரங்கூனில் மூன்று. ஒவ்வொரு புகாருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

அந்த ஊரில் இன்றைக்கும் ஒரே அசனம்தான். நானே ஒரு கீழத்தெருக்காரரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டதால் வருடா வருடம் போகாமலும் இருக்க முடியாது. என் இலை மட்டும் தனியாக உபதேசியார் வீட்டுக்குள் போடப்படும். ஜெபம் முடிந்ததும் பந்தித் தலைவர் எழுந்து உரக்கக் கேட்பார், "கிரேசு எங்க இருக்கா?"

"உள்ள இருக்கா" என்று என் கணவரே எல்லாருக்கும் முன்னால் குரல் கொடுப்பார்.

"கதவு சாத்தியாச்சா?"

"சாத்தியாச்சு."

"அப்ப வெளம்புங்கலே!"