மீடியம் அக்கா மூச்சைப் பிடித்த கதை

கடல் தாண்டி எங்கோ ஓர் ஊரில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணாடி முன்னால் நின்று, புது டாப்ஸை இழுத்துவிட்டுப் பார்த்து, 'அட, எனக்கென்றே தைத்த மாதிரி இருக்கிறதே' என்று பூரித்துப் போனால், யாராவது அவளிடம் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அது அவளுக்கென்று தைத்ததே இல்லை. பல்லடம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வந்த எங்கள் மீடியம் அக்காவுக்கென்று தைத்தது. அக்காவின் தோள், அக்காவின் இடுப்பு, அக்காவின் கை நீளம். சொந்த உடம்பின் அளவையே கப்பலேற்றிய ஒரே பெண்மணி அவர்தான் என்று எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

சூடம் என்றதும்தான் ஞாபகம் வருகிறது, இந்தக் கதையே ஒரு சூடத்தில்தான் ஆரம்பித்தது. அப்போது நான் அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். ஆர்டர் கொடுக்கிற பையர் கேட்பதைக் கம்பெனிக்குச் சொல்லி, கம்பெனி சொல்லும் சாக்கைப் பையருக்குச் சொல்லி, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. தைத்த சாம்பிளை மாட்டிப் பார்க்க எங்களிடம் ஒரு டம்மி இருந்தது. தலை இல்லாத, கை இல்லாத பொம்பளைப் பொம்மை, அச்சு அசல் மீடியம் சைஸ், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தது. அந்த ஆயுத பூஜைக்கு மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தவர்கள், இதுவும் வேலை செய்கிற சாமான்தானே என்று டம்மிக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, பக்தி முற்றிப்போய்ச் சூடத்தை அதன் காலடியிலேயே ஏற்றிவிட்டார்கள். மாலை பற்றியது, துணி பற்றியது. தண்ணீர் ஊற்றி அணைத்தபோது டம்மிக்கு இடது பக்க இடுப்பே இல்லை.

புது டம்மியின் விலையைக் கேட்ட முதலாளி, கருகிய டம்மியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம், "ஏனுங் மேடம், நம்ம கம்பெனியில இத்தன பொம்பளைங்க இருக்கறாங்களே, ஒருத்தருக்குக்கூடவா அந்த அளவு இருக்காது?" என்றார். நான் இஞ்ச் டேப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தையல் லைனில் ஒருவருக்குத் தோள் சரி, இடுப்பு ஒத்துவரவில்லை. பேக்கிங்கில் ஒருவருக்கு இடுப்பு சரி, டேப்பைப் பார்த்ததும் கூச்சத்தில் சிரித்துச் சிரித்து நிற்கவே மாட்டேன் என்றார். கடைசியில் செக்கிங் டேபிளில், டாப்ஸில் ஓட்டை தேடிக்கொண்டிருந்த ஓர் அக்காவைச் சுற்றி டேப்பை ஓட்டினேன். தோள் சரி. மார்பு சரி. இடுப்பு சரி. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"அக்கா, நீங்க மீடியம்!" என்று கத்தினேன்.

"அய்யோ சாமி, அது ஏதாச்சும் வியாதிங்களா?" என்றார் அவர்.

அன்றைக்கு ஒட்டிய பெயர்தான். ரேஷன் கார்டில் வேறு ஏதோ இருந்திருக்கும். எங்களுக்கு மீடியம் அக்கா, பீகார் பையன்களுக்கு மீடியம் தீதி. செக்கிங் டேபிள் என்பது காலையில் நின்றால் சாயங்காலம்தான் கால் மடக்குகிற இடம். அங்கிருந்து ஏசி போட்ட சாம்பிள் ரூமுக்கு, உட்கார ஒரு பிளாஸ்டிக் சேர் சகிதம் வந்து சேர்ந்ததில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அம்மிணி, அளவு மாறாத வரைக்கும் இந்தச் சேர் உனக்கு. மாறுச்சுன்னா மறுபடியும் செக்கிங்தான், சொல்லிப்போட்டேன்."

அக்கா அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார். கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரி வந்தால் இலையை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வார். "வேண்டாமுங்க, திங்கக்கெழம சாம்பிள் போடோணும்." பரிமாறுகிறவர், பாவம் ஏதோ வைத்தியம் நடக்கிறது போல என்று நகர்ந்துவிடுவார். ஒரு தடவை காய்ச்சலில் படுத்து அக்கா மெலிந்துபோக, பதறியது டாக்டர் இல்லை, முதலாளி. "அம்மிணி ஸ்மால் ஆயிட்டா ஷிப்மென்ட் என்னாகறது?" என்று வீட்டிலிருந்து நாட்டுக்கோழிச் சாறு வைத்துத் தூக்குப்போசியில் கொடுத்தனுப்பினார். அடுத்த ஆயுத பூஜைக்கு மிஷின்களோடு சேர்த்து அக்காவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். சூடத்தை மட்டும் ரொம்பத் தள்ளி வைத்தார்கள்.

சும்மா நின்று காட்டிவிட்டுப் போகிற ஆளா அவர்? சாம்பிளை மாட்டியதும் வலது கையை உயர்த்தி, அங்கே இல்லாத பஸ் கம்பியைப் பிடிப்பார். டிரைவர் திடீரென்று பிரேக் போட்ட மாதிரி முன்னால் சாய்வார். குனிந்து கோலம் போடுவார். குத்தவைத்து உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பார். எல்லாம் முடிந்த பிறகுதான் தீர்ப்பு. "மேடம், கையத் தூக்குனா தொப்புள் தெரியுதுங்க. அந்த ஊர்ல பொம்பளைங்க பஸ்ல போறதே இல்லீங்களா?"

நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன். எங்கள் பையர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். பையரம்மா என்று பெயர் வைத்திருந்தோம். முதலில் அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. போனால் போகிறது என்று நீளத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். அந்த டாப்ஸ் அங்கே விற்றுப் பறந்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு சாம்பிளுக்கும் அவரே கேட்க ஆரம்பித்தார், 'பஸ் டெஸ்ட் ஆயிற்றா?' என்று. மீடியம் அக்கா சரி என்றால் போட்டோவைப் பார்த்தே சரி சொல்லிவிடுவார்.

இத்தனை இருந்தும், அக்காவின் சொந்த ஜாக்கெட் ஒன்றுகூட அவருக்குப் பொருந்தியதில்லை. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது! அவர் தெரு டைலர், "அளவு ஜாக்கெட் கொண்டாந்தீங்களா?" என்பாராம். "அளவே நான்தானுங்க!" என்பாராம் அக்கா. டைலர் அசர மாட்டார். போன தடவை கெடுத்த ஜாக்கெட்டை அளவாக வைத்து இந்தத் தடவையும் கெடுத்துக் கொடுப்பார். கை இறுகி, கழுத்து இறங்கி, தோளில் ஊக்குக் குத்திய ஜாக்கெட்டோடு வந்து நின்றுகொண்டு அக்கா உலகத்துக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தப் பெரிய ஆர்டர் வந்தது. மாம்பழ மஞ்சளில் முழுக்கை டாப்ஸ், வயிற்றருகே லேசாகப் பிடித்த மாதிரி. முதல் சாம்பிள் அக்காவுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த மாதம் வந்த சாம்பிள் வயிற்றில் இறுக்கியது. காகிதத்தில் அளவு வரைந்து வெட்டிக் கொடுக்கிற பேட்டர்ன் மாஸ்டரிடம் போனேன். திருநெல்வேலிக்காரர், தன் கத்தரியைக் குறை சொன்னால் குலத்தையே குறை சொன்ன மாதிரி கொதிப்பார்.

"மேடம், நா வெட்டுனதுல நூலளவு பெசகு கெடையாது. துணிதான் சுருங்குது. சொல்லுதேன், கேளுங்க."

துணிக்காரரைக் கேட்டால் சாயப்பட்டறை என்றார். சாயப்பட்டறைக்காரர் தண்ணீர் என்றார். தண்ணீரை யார் போய்க் கேட்பது? சரி, அக்காவையே அளந்து பார்ப்போம் என்று டேப்பைச் சுற்றினேன். அக்கா போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்றார். அதே பழைய அளவு, ஒரு நூல் கூடவில்லை. "சரியா இருக்குதுங்களா?" என்று கேட்ட குரல் மட்டும் கீச்சென்று இருந்தது.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் பிள்ளை பெற்றவர்கள், ஒருத்தருக்கும் புரியவில்லை. புதுத் துணி வாசம் குமட்டுகிறது என்று அக்கா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சாயம் மட்டம் என்று சாயப்பட்டறைக்கு இன்னொரு திட்டு அனுப்பினோம். மதியம் சேரிலேயே தூங்கிப்போனார். ஏசியைக் குறைத்து வைத்தோம். என்ன செய்வது, அக்காதான் எங்களுக்கு அளவு. அளவே வளரும் என்று யாருக்குத் தோன்றும்!

பின்னால் எங்களுக்குத் தெரியவந்ததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம். இரண்டு தடவை உண்டாகி, சந்தோஷத்தில் ஊரெல்லாம் சொல்லி, இரண்டும் தங்கவில்லை. இந்தத் தடவை ஐந்து மாதம் முடிகிற வரை புருஷனைத் தவிர ஒரு ஈ காக்காய்க்கும் சொல்வதில்லை என்று சாமியிடம் வேண்டிக்கொண்டுவிட்டார். டாக்டரம்மாவோ, நிற்கிற வேலை கூடவே கூடாது என்று சொல்லியிருந்தார். அளவு மாறியது தெரிந்தால் சேர் போய்விடும், திரும்பவும் செக்கிங் டேபிள். ஆக, வயிற்றில் இருப்பதைக் காப்பாற்ற வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றிருக்கிறார் மனுஷி.

டேப் சுற்றுகிற நேரம் மூச்சைப் பிடித்துவிடலாம். பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சையும் பிடிக்க முடியுமா? அதனால் டேப் பழைய அளவு சொல்லும், டாப்ஸ் இறுக்கும். நான் மாஸ்டரைக் கெஞ்சி வயிற்றில் கொஞ்சம் தளர்த்தினேன். அடுத்த சாம்பிளுக்கு இன்னும் கொஞ்சம். அதற்கடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். "இப்ப சரிங்க மேடம்" என்று அக்கா நிம்மதியாக மூச்சு விட்டார். பையரம்மாவும் வழக்கம்போலப் போட்டோவைப் பார்த்துச் சரி என்றார். துணி வெட்டினோம், ஒரு பங்கு தைத்தும் முடித்தோம். தைத்ததில் ஒன்றைக் கூரியரில் அனுப்பினோம்.

அது போய்ச் சேர்ந்ததும் வீடியோ காலில் பையரம்மா வந்தார். அவர் ஊர் டம்மிக்கு எங்கள் டாப்ஸை மாட்டியிருந்தார். தோள் அழகு, கை அழகு, வயிற்றில் மட்டும் துணி மூட்டை தொங்கியது. "உங்கள் மீடியத்துக்கு என்ன ஆயிற்று?" என்றார். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "மேடம், அந்தம்மா கண்ணு முன்னாலயே அம்மிணிய அளந்து காட்டுங்க!" என்றார்.

அக்கா எழுந்து நின்றார். நான் டேப்பைச் சுற்றினேன். அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தார். பழைய அளவேதான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அளவைச் சொல்ல வாயைத் திறந்தேன், பையரம்மா பேச ஆரம்பித்தார். சும்மா இல்லை, எங்கள் கம்பெனி மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை, மதிப்பு, மரியாதை என்று ஆதியிலிருந்து தொடங்கினார். முதலாளி தலையாட்டினார். மாஸ்டர் கைகட்டி நின்றார். அக்காவின் முகம் சிவந்து, அப்புறம் கறுத்து, கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டு வந்தது. பையரம்மா கமா போட்டாரே தவிர முற்றுப்புள்ளி வைக்கவில்லை. 'ப்ஹா!' என்று ஒரு சத்தம். டேப் என் விரலை விட்டு நழுவி ஓடியது.

நான் டேப்பைப் பார்த்தேன், அக்காவின் வயிற்றைப் பார்த்தேன், முகத்தைப் பார்த்தேன்.

"அஞ்சாம் மாசமுங்க மேடம்," என்றார் அக்கா. கண்ணில் தண்ணீர் கொட்டியது. "இன்னம் முடியலீங்க, அதுக்குள்ள சொல்ல வெச்சுட்டீங்க. என்னைய செக்கிங்குக்கு மட்டும் அனுப்பீராதீங்க சாமி. டாக்டரம்மா நிக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்கறாங்க."

முதலாளி கம்பெனியே அதிர ஒரு சத்தம் போட்டார். "மேடம், அந்த டேப்பத் தூக்கி வீசுங்க! அம்மிணி, நீ மொதல்ல உக்காரு. உக்காருங்கறேன்!" என்று தானே சேரை இழுத்துப் போட்டார். சுழல்கிற தன் ஆபீஸ் நாற்காலியை, பிளாஸ்டிக் சேரை இல்லை.

"அப்பம் எங் கத்தரி மேல தப்பு இல்லல்லா?" என்றார் மாஸ்டர்.

திரையில் பையரம்மா, என்ன நடக்கிறது, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று தவித்துக்கொண்டிருந்தார். நான் அழுதுகொண்டே ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் சிரித்த சிரிப்பில் அவர் பக்கத்து டம்மியே கீழே விழுந்துவிட்டது. ஆனாலும் ஆள் காரியக்காரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணியைப் பழைய அளவுக்கு வெட்டித் தைத்து அனுப்புங்கள், கொஞ்ச நாள் பொறுக்கிறேன், அதற்கு மேல் முடியாது என்றார். பெரிதாக வெட்டியதைச் சின்னதாக்குவதில் மாஸ்டருக்கு என்ன கஷ்டம்? தைத்து முடித்ததுதான் மிச்சமாக நின்றது.

முதலாளி அதை எடுத்துத் தையல் லைனுக்கே கொடுத்துவிட்டார். போட்டுப் பார்த்தார்கள். அடி ஆத்தி! ஒன்று பெற்றவர், இரண்டு பெற்றவர், சோற்றுத் தொப்பைக்காரர், எல்லோருக்கும் அப்படிப் பொருந்தியது. விடிந்தால் எழுந்து யார் யார் உடம்புக்கோ தைத்துத் தள்ளியவர்கள், முதல் தடவையாகத் தங்களுக்குப் பொருந்துகிற ஒன்றைத் தைத்திருந்தார்கள், அதுவும் தெரியாமல். அக்காவின் வளைகாப்பைப் பேக்கிங் ஹாலில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடத்தினோம். அத்தனை பெண்களும் மாம்பழ மஞ்சள் டாப்ஸ். கேட்டுக்கு வெளியே ரோட்டில் போனவர்கள் ஏதோ கட்சி மாநாடு என்று நின்று பார்த்தார்கள். மாஸ்டர்கூடத் தன் வீட்டம்மாவுக்கு ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தை கவிழ்ந்து, தவழ்ந்து, பல் முளைத்த பிறகு ஒருநாள் அக்கா சாம்பிள் ரூம் வாசலில் வந்து நின்றார். இடைப்பட்ட காலத்தில் முதலாளி மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு புது டம்மி வாங்கியிருந்தார். அது அக்காவின் இடத்தில் விறைத்துக்கொண்டு நின்றது. அதைப் பார்த்ததும் அக்காவின் முகம் விழுந்துவிட்டது.

"நான் இனி மீடியமில்லீங்க மேடம். ஊட்டுல அளந்து பாத்தேன். லார்ஜ் ஆயிட்டனுங்க," என்றார். "செக்கிங்குக்கே போயிர்றனுங்க."

"போன வாரமே பையரம்மாகிட்டப் பேசிட்டனுங்கக்கா," என்றேன். "இத்தன நாளா லார்ஜ் சைஸைக் குத்துமதிப்பாத்தான் அனுப்பிட்டிருந்தோம். இனிமே அதுக்கும் ஒரு ஆளு போட்டுப் பாத்துத்தான் தைக்கோணுமாம். உங்க சேர் உள்ள இருக்குது, வாங்க."

அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கு எடுத்தார். "எப்படிங் மேடம், நான் லார்ஜாத்தான் வருவேன்னு கரெக்டா தெரிஞ்சுது?" என்று கேட்டார். எனக்கு எங்கே தெரியும்! பையரம்மாவிடம் நான் பேசியதே அன்றைக்கு ராத்திரிதான். அவர் எந்த அளவில் திரும்பி வந்திருந்தாலும், அந்த அளவுக்கு எப்படியாவது ஓர் ஆர்டர் பிடித்திருப்பேன்.