மூடிய கையில் ஒரு சிப்பாய்

ஜார்ஜியா நாட்டின் பத்தூமிக் கடற்கரையில் அந்த வாரம் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று, மகளிர் உலக அணிச் சதுரங்கப் போட்டி நடந்த மண்டபத்தின் வாசலில். மற்றொன்று, மண்டபத்துக்குப் பின்தெருவில், லம்சீரா அம்மையாரின் வாசலில். முதல் வரிசையில் நின்றவர்களுக்கு ஆட்டம் பார்க்க ஆசை. இரண்டாவது வரிசையில் நின்றவர்களுக்கு ஆட்டமே எதற்கு என்ற எண்ணம். முடிவுதான் முன்கூட்டியே கிடைக்கிறதே. எந்த வரிசை நீளம் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

லம்சீரா காபிக் கோப்பை பார்த்துக் குறி சொல்பவள். கெட்டிக் காபியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்துவிட வேண்டும். கசடு வழிந்து இறங்கும். அந்தக் கசட்டில் அம்மையாருக்குப் பறவை தெரியும், பாதை தெரியும், போலந்துக்காரியின் ராணி எப்போது விழும் என்பதும் தெரியும். நாலு பெண்கள் ஐந்து மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு தேடுவது அவளுக்கு ஒரு மடக்குக் காபியில் கிடைத்துவிடும். இத்தனை ஞானம் இருந்தும் தன் வீட்டுக் கூரை எங்கே ஒழுகும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. மழைக்கு வாளி வைத்திருந்தாள்.

ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்ததும் கடற்கரைச் சாலையில் நாலு பேர் குதித்துக்கொண்டு ஓடுவார்கள். "டிரான்னு சொன்னா, டிராவே ஆச்சு." "ஜெயிப்போம்னு எனக்கு நேத்தே தெரியும்." அவ்வளவுதான், மறுநாள் வரிசை இன்னும் ஒரு வீடு தள்ளிப் போய் நிற்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கைக்கு மாலை போடுவது உலக வழக்கம். ஜார்ஜியாக்காரர்கள் மட்டும் என்ன பாவம் செய்தார்கள், அவர்களும் போட்டார்கள்.

அம்மையார் ஒரே ஒரு கட்டளை விதித்திருந்தாள். "கோப்பை சொன்னதைக் கடைசிக் கடிகாரம் நிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் வாய் திறக்கக் கூடாது. திறந்தா பலிக்காது. பலிக்கலைன்னா நீ திறந்துட்டேன்னு அர்த்தம்." பலித்தவன் ஊரைக் கூட்டிச் சொல்வான். பலிக்காதவனோ, எங்கே தன்னை உளறுவாயன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பொத்திக்கொண்டு போவான். மனைவியிடம் உளறினோமா, தூக்கத்தில் உளறினோமா என்று தன்னையே சந்தேகப்படுவான்.

வேறு ஊராக இருந்தால் இந்தக் கட்டளை ஒரு பொழுது தாங்காது. இது சதுரங்க ஊர். யார் வீட்டுப் பெண் யாரோடு ஓடினாள் என்பது பகல் சாப்பாட்டுக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். ஆனால் ஒருத்தி தன் ஆட்டத்துக்குத் தயார் செய்து வைத்திருக்கும் முதல் நகர்த்தலைப் பெற்ற தாயிடமும் சொல்ல மாட்டாள். காய்களைப் பற்றிய ரகசியம் என்றால் இவர்களுக்கு உதடு தானாக ஒட்டிக்கொள்ளும். லம்சீரா அந்த உதட்டின் மேல் கடை போட்டிருந்தாள்.

ஜார்ஜியா அணியின் தலைவி மக்வாலாவுக்கு இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. ஒரு காலத்தில் தானே பெரிய ஆட்டக்காரி. புகையை விட்டுவிட்டாள், ஆனால் சிகரெட்டை விடவில்லை. பற்ற வைக்காமல் வாயோரத்தில் வைத்துக்கொண்டே திரிவாள். கடைசிச் சுற்றில் போலந்தோடு டிரா செய்தாலே தங்கப் பதக்கம் என்ற நிலை. நாலு பலகைகளில் நாலு பெண்கள் ஆடுவார்கள், ஐந்தாவது பெண் மாற்று. அதற்கு முந்தின மாலை விடுதிச் சாப்பாட்டு அறையில் ஜும்பர் வந்து அவள் எதிரே உட்கார்ந்தார். திராட்சை மது வியாபாரி. அணியின் செலவு முழுவதும் அவருடையது. அதனால் ஊரே அவரை "பதோனோ" என்று மரியாதையாக அழைக்கும்.

"மக்வாலா, நாளைக்கு மூணாவது பலகையில குராந்தா வேண்டாம்."

"ஏன் பதோனோ, காய்ச்சலா அவளுக்கு?"

"கண்ணு. அவ கண்ணு பொல்லாதது. கோப்பையில மூணாவது இடத்துல கருப்புப் பறவை உக்காந்திருக்கு. நான் என் கண்ணால பார்த்தேன். முடிவைத்தான் சொல்லக் கூடாது, இதை மட்டும் உன்கிட்ட சொல்ல அம்மாவே உத்தரவு கொடுத்தா."

"காபி கருப்பாத்தானே இருக்கும் பதோனோ. வெள்ளைப் பறவை வேணும்னா பால்ல பார்க்கச் சொல்லுங்க."

அவர் சிரிக்கவில்லை. "அவளை உக்கார வைச்சா, அடுத்த வருஷம் உன் அணிக்கு நீயே பேருந்துச் சீட்டு வாங்கிக்க. காலையில பத்து மணிக்கு ஆடறவங்க பேர் கொடுக்கணும் இல்ல? யோசிச்சுக்க." எழுந்து போய்விட்டார். பணம் இருக்கிறவனுக்கு யோசிக்கும் வேலையைப் பிறரிடம் கொடுப்பது பழக்கம்.

மக்வாலா திரும்பிப் பார்த்தாள். மற்ற நாலு பெண்களும் ஒரு மேசையில். குராந்தா தனியாக வேறொரு மேசையில், ஜும்பர் சொன்னதெல்லாம் காதில் விழுந்தவளாக, முட்டை உடைத்து ஊற்றிய படகு ரொட்டியைப் பிய்க்காமல் ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். மக்வாலா தன் தட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனாள்.

"நீ அந்தப் பொம்பளைகிட்ட போனியா?"

"போகலை. அணியில நான் ஒருத்திதான் போகலை."

"அதான் உன் பறவை கருப்பாப் போச்சு."

குராந்தா சிரிக்க முயன்றாள், வரவில்லை. "அக்கா, ஒரு ஆட்டம் போனா போகட்டும். எங்க ஊர்ல பிள்ளைங்களுக்குச் செஸ் சொல்லிக் கொடுத்துத்தான் நானும் அம்மாவும் சாப்பிடறோம். 'அவ கண்ணு பட்டா ஜார்ஜியாவே தோத்துடும்னு அணியில இருந்தே எடுத்துட்டாங்க'ன்னு ஊருக்குத் தெரிஞ்சா, எந்தத் தாய் தன் பிள்ளையை என் முன்னாடி உக்கார வைப்பா? தோத்தா அடுத்த ஆட்டம் இருக்கு. இதுக்கு அடுத்த ஆட்டம் இல்ல."

மக்வாலா தட்டைத் தள்ளி வைத்தாள். ஒரு கோப்பைக் கசடு, ஒரு பெண்ணின் வாழ்நாள் சோறு. வெளியே போய் நடந்தாள். கடற்கரையில் ஓர் அக்காளும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, கொட்டையைக் கோத்துத் திராட்சைச் சாற்றில் தோய்த்த மிட்டாய்ச் சரம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்காள் முகத்தில் இழவு. தங்கை முகத்தில் கல்யாணம்.

"என்னடி, ரெண்டு பேரும் லம்சீராகிட்ட போயிட்டு வந்தீங்களா?"

"போனோம்" என்றாள் அக்காள்.

"நாளைக்கு என்னவாம்?"

"சொல்லக் கூடாது."

"நீயாவது சொல்லேன்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சொல்லக் கூடாது."

மக்வாலா வாயோரத்து சிகரெட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நாளைக்கு நடக்கப் போவது ஒரே போட்டி. அதைப் பார்த்துச் சொன்னவளும் ஒருத்திதான். பிறகு எப்படி ஒரு முகத்தில் இழவும் ஒரு முகத்தில் கல்யாணமும்? கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு எங்கே போயிற்று புத்தி என்பார்கள். இங்கே கேட்கக்கூட ஆளில்லை. ஒருவரை ஒருவர் கேட்கக் கூடாது என்பதுதானே கட்டளை.

மறுநாள் காலை மண்டபத்துக்கு வெளியே, பெரிய காட்சிப் பலகையின் அடியில் கூட்டம் நெரிந்தது. தூறல் வேறு. ஜும்பர் தன் குடையின் கீழ் ஒரு நாற்காலி போட்டு அதில் லம்சீராவை உட்கார வைத்திருந்தார். கறுப்புப் பட்டு, விரலுக்கு விரல் மோதிரம். ஜும்பரின் மனைவி தோதோ பக்கத்தில் பயபக்தியோடு நின்றாள். மக்வாலா மண்டபத்திலிருந்து ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாளி நிறையப் பழைய சிப்பாய்கள், வெள்ளையும் கறுப்பும்.

"பதோனோ, பேர் கொடுக்க இன்னும் நேரமிருக்கு. நீங்க சொன்னபடியே செய்யறேன். குராந்தாவை எடுத்துடறேன். ஒரே ஒரு சின்னச் சோதனை."

"அம்மாவையா சோதிக்கிற?"

"சேச்சே. அம்மாவோட பெருமையை ஊருக்குக் காட்டப் போறேன். இங்க எல்லாருக்கும் இன்னைக்கு என்ன நடக்கும்னு அம்மா சொல்லியிருக்காங்க. வாய் திறக்கக் கூடாது, சரி. கை திறக்கலாம் இல்ல? நம்ம பிள்ளைங்க யாருக்கு வெள்ளை யாருக்குக் கறுப்புன்னு எப்படிப் பார்க்குதுங்க? கைக்குள்ள சிப்பாயை மூடி வைச்சுத்தானே? அதேதான். நாம ஜெயிப்போம்னு சொல்லியிருந்தா ஒரு வெள்ளைச் சிப்பாய். தோப்போம்னா கறுப்பு. டிரான்னா வெறுங்கை. எல்லாருக்கும் ஒரே நிறம் வந்துச்சுன்னா, குராந்தா மட்டும் இல்ல, நானும் வீட்டுக்குப் போறேன்."

கூட்டத்துக்கு இது பிடித்துவிட்டது. சிப்பாயைக் கைக்குள் மூடுவது இந்த நாட்டில் பால் குடிக்கிற வயதிலேயே வருகிற பழக்கம். லம்சீரா மட்டும் நாற்காலியில் நெளிந்தாள். "கோப்பைக்கு விளையாட்டுப் பிடிக்காது."

"விளையாட்டைப் பத்தித்தானேம்மா ஒரு வாரமா சொல்லிட்டிருக்கு" என்றாள் மக்வாலா.

ஜும்பருக்கு நம்பிக்கை குறையவில்லை. உண்மையான பக்தர், தானே முதல் ஆளாக வாளிக்குள் கையை விட்டார். பிறகு தோதோ. பிறகு போலீஸ்காரர், மிட்டாய்ச் சகோதரிகள், டாக்சிக்காரர்கள், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை, இப்படி ஒவ்வொருவராக. யாரும் பார்க்காதபடி கையை விட்டு, மூடிக்கொண்டு எடுத்தார்கள்.

"கையை நீட்டுங்க. திறங்க."

திறந்தார்கள். சாலை முழுக்க உள்ளங்கைகள். வெள்ளை, கறுப்பு, ஒன்றுமில்லை, கறுப்பு, ஒன்றுமில்லை, வெள்ளை. அக்காள் கையில் கறுப்பு, தங்கை கையில் வெள்ளை. போலீஸ்காரர் தன் வெறுங்கையையும் பக்கத்தில் நின்ற தன் தம்பியின் வெள்ளைச் சிப்பாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஜும்பர் கையில் வெள்ளை. அவர் மனைவியின் கையில் கறுப்பு.

"தோதோ, உனக்குத் தோப்போம்னா சொன்னா?"

"உங்களுக்கு ஜெயிப்போம்னா சொன்னா? அதான் ராத்திரி மீசையைத் தடவிக்கிட்டுத் திரிஞ்சீங்களா? நான் அழுதுட்டிருந்தேன், என்னன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"சொல்லக் கூடாதுன்னாளே."

"ஆமா, சொல்லக் கூடாதுன்னாளே."

சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கிக் கடல் வரைக்கும் போனது. லம்சீரா எழுந்து நின்றாள். "நீங்க சந்தேகப்பட்டுட்டீங்க. சந்தேகப்படறவனுக்குக் கோப்பை மூடிக்கும்."

"நான் சந்தேகப்படலையே" என்றாள் தலைமையாசிரியை. "நேத்து காலையில முழு மனசோட நம்பித்தான் குடிச்சேன். அப்பவே டிரான்னு சொன்னே. என் பக்கத்துல நிக்கிற இவளுக்கு அப்பவே தோல்வின்னு சொன்னே. சந்தேகம் இப்பத்தானே வந்துச்சு?"

ஜும்பர் தொண்டையைச் செருமினார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது. "முடிவு வேற, கண்ணு வேற. குராந்தாவோட கண்ணு..."

அப்போது அணிப் பெண்களோடு கூட்டத்தில் நின்ற முதல் பலகைக்காரி எத்தேரி, உதடு திறந்த தைரியத்தில், "எனக்கு மூணாவது பலகைன்னு சொல்லலையே. நாலாவதுன்னு சொன்னா. இங்காவோட கண்ணுன்னு சொன்னா" என்றாள்.

இங்கா திரும்பினாள். "என் கண்ணா? என்கிட்ட உன் கண்ணுன்னு சொன்னா. அதான் ஒரு வாரமா உன் முகத்தையே நான் பார்க்கலை."

மாற்று ஆட்டக்காரி நாத்தேலா தலையைக் குனிந்துகொண்டாள். "என்கிட்ட குராந்தாதான்னு சொன்னா. அவ போனா எனக்கு இடம்னு நானும் நம்பிட்டேன். மன்னிச்சுக்க குராந்தா."

கோப்பைக்கு ஒரு பறவை என்றால், ஐந்து பெண்கள் உள்ள அணியில் கருப்புப் பறவைக்கா பஞ்சம்? கொடுத்த காசைத் திருப்பிக் கொடு என்று கூட்டம் நாற்காலியை நெருங்கியது. ஆனால் நாற்காலி காலி. வருவதை அறிபவள் அல்லவா, இதை மட்டும் சரியாக அறிந்து கிளம்பிவிட்டாள். அடுத்த துறைமுக ஊரான போத்திக்குப் போகும் சிற்றுந்தில் ஒரு கறுப்புப் பட்டைப் பார்த்ததாக ஒரு டாக்சிக்காரர் சொன்னார்.

மக்வாலா உள்ளே போய்ப் பேர் கொடுத்தாள். மூன்றாவது பலகை, குராந்தா.

போலந்துப் பெண்கள் கோப்பை எதுவும் பார்க்காமல் நன்றாக ஆடினார்கள். எத்தேரி டிரா. இங்கா டிரா. இரண்டாவது பலகை தோற்றது. மிச்சம் குராந்தா ஒருத்திதான். கறுப்புக் காய்கள், ஒரு யானை, இரண்டு சிப்பாய்கள். அவள் வென்றால்தான் போட்டி டிரா, தங்கம். குராந்தா தன் சிப்பாய்களில் ஒன்றை ஒவ்வொரு கட்டமாக, அவசரமில்லாமல் நடத்திக்கொண்டு போனாள். அது ராணியாகும் கடைசிக் கட்டத்தைத் தொட்டதும் எதிரே இருந்தவள் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினாள்.

கடற்கரை அதிர்ந்தது. ஜும்பர் அழுதார். தோதோ அவரை அழவிட்டாள். குராந்தா வெளியே வந்ததும், அவள் ஊரிலிருந்து பேருந்தில் வந்திருந்த ஒரு தாய் தன் மகளை அவள் முன்னால் நிறுத்தி, "திங்கக்கிழமை வகுப்பு உண்டுதானே?" என்று கேட்டாள். உண்டு என்று குராந்தா தலையை ஆட்டினாள்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் நம் மக்களைக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். போலீஸ்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மக்வாலாவிடம் வந்தார். அவர் பின்னால் பத்துப் பதினைந்து பேர். தலைமையாசிரியையும் இருந்தாள்.

"தலைவியம்மா, நாங்கள்லாம் காலையில வெறுங்கை நீட்டினவங்க. எங்களுக்கு டிரான்னு சொன்னா. டிராவே ஆச்சு பாருங்க. மத்தவங்களுக்கு எப்படியோ, எங்க விஷயத்துல அவ பொய் சொல்லலை. போத்தியில அவ விலாசம் யாருக்காவது தெரியுமா?"

மக்வாலா அவர் பக்கம் திரும்பினாள்.

"காலையில நீட்டினீங்களே, அந்தக் கையை நீட்டுங்க."

நீட்டினார்.

"என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அதைத்தான் உங்களுக்கு வித்திருக்கா" என்றாள் மக்வாலா. "கையைத் திறந்து பார்த்தாச்சு. மண்டையையும் ஒரு தடவை திறந்து பாருங்க. அதுக்குள்ள ஏதாவது இருந்தா, போத்திக்குப் போற செலவு மிச்சம்."