மருந்து கலக்காத பாட்டில்

திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் விரிவுரையாளரான ஜம்புகுமார் ஒன்பது ஆண்டுகளாக ஒரே உண்மையை நிரூபித்துக்கொண்டிருந்தார்: நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் வெங்காய வேர்நுனியில் செல்கள் பிரிவது குறையும். ஏற்கெனவே பலர் நிரூபித்ததுதான், ஆபத்தில்லாத தலைப்பு. மாதக் கடைசிக்குள் முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் வேலை போய்விடும்.

ஒரு பாட்டிலில் மருந்து கலந்த தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொன்றில் வெறும் தண்ணீர். அதற்குக் காய்ச்சி வடித்த நீர் கேட்டு விழுப்புரம் கல்லூரிக் கல்வி மண்டல அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். கல்லூரியில் குழாய் இல்லையா என்று எட்டு மாதம் கழித்து இப்போதுதான் பதில் வந்தது.

அவருடையது சமண வீடு; வெங்காயம் வாசற்படி தாண்டாது. மனைவி ஜினமதி தினமும் வடிகட்டிக் கொதிக்கவைத்த குடிதண்ணீரை பிளாஸ்கில் கொடுத்தனுப்புவாள். ஓர் உயிரும் இல்லாத தண்ணீர். அதைவிடச் சுத்தமானது ஏது? வெறும் தண்ணீர் பாட்டிலில் அதையே ஊற்றினார். பிளாஸ்க் நல்ல பிளாஸ்க், ஆவி பறந்தது.

மூன்றாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தார். மருந்திலிருந்த வேரில் ஆயிரத்துக்குப் பன்னிரண்டு செல்கள் பிரிந்துகொண்டிருந்தன. வெறும் தண்ணீரில் ஒன்றுகூட இல்லை. குழம்பிப்போய், கெடுவை நீட்டிக்கக் கேட்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார். மண்டல அலுவலக எழுத்தர் கோதண்டபாணி கோப்பைத் திறக்கவேயில்லை.

"எதுல சார் ஜாஸ்தியா பிரியுது?"

"மருந்துல. ஆனா அது தடுக்கிற மருந்துங்க."

"அத மருந்து சொல்லிச்சா, நீங்க சொன்னீங்களா? வந்தத எழுதிட்டுப் போய்க்கினே இருங்க. நீட்டிப்புன்னா பேஜாரு."

எழுதினார். மருந்து வேரை வளர்க்கிறது என்ற அரிய கண்டுபிடிப்புக்கு முனைவர் பட்டம் கிடைத்தது. கண்டாச்சிபுரம் பக்கத்து விவசாயிகள் நிலக்கடலை விதையை அம்மருந்தில் ஊறவைத்து விதைக்குமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

விதைத்த கடலையில் வேர் ஓடவில்லை. விசாரிக்க ஒருநபர் குழு அமைத்தார்கள். அந்த மருந்துக்கு இருந்த ஒரே நிபுணர் ஜம்புகுமார்.

மூன்று காணி நிலத்து மல்லாட்டைக் கடலை முழுவதும் போன விவசாயி முருகையன் வரப்பில் நின்றிருந்தார். ஜம்புகுமார் பொறுமையாக விளக்கினார்.

"கொதிக்கக் கொதிக்க வீட்லேருந்து எடுத்தாந்த சுத்தமான தண்ணிலயே வேரு வளரலங்க. மருந்துலதான் வளந்துச்சு."

"கொதிக்கற தண்ணிய ஊத்தினா வேரு வெந்துடாதுங்களா?" என்றார் முருகையன்.

 ஜம்புகுமார் அறிக்கையில், விவசாயியின் கருத்து தனி ஆய்வுக்குரியது என்று எழுதி, மேலும் ஒன்பதாண்டு அவகாசம் கேட்டு, பெயருக்கு முன்னால் மறக்காமல் 'டாக்டர்' போட்டார்.

அனுமதி ஒரே வாரத்தில் வந்தது. கூடவே, காய்ச்சி வடித்த நீர் பன்னிரண்டு பாட்டில்.