கோப்பு அலமாரியில் காய்ச்சிய மேப்பிள் பாகு

கனவு காண்கிறவர்களை எந்த வேலைக்கும் வைத்துக்கொள்ளலாம். அடுப்புக்குக் காவல் மட்டும் வைக்கக்கூடாது. இதை நான் அடுத்தவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2011இல் நாங்கள் மெல்பேர்ன் புறநகரான கிளென் வேவர்லியில் இருந்தோம். என் மனைவி வதனியின் தம்பி சுதன், மெல்பேர்னுக்கு வெளியே ஒரு மலையடிவாரத்தில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்திருந்தான். (அங்கிருந்து வேலைக்குப் போய்வரவே பாதி நாள் போய்விடும். கேட்டால் "காத்து நல்லம் அத்தான்" என்பான்.) அந்த வளவில் யாரோ எப்போதோ நட்ட பெரிய மேப்பிள் மரங்கள் வரிசையாக நின்றன. அங்கே குளிர்காலமான ஓகஸ்ட் மாதக் காலை. புல்லெல்லாம் உறைபனி. வெயில் ஏற ஏற, மரங்கள் மூச்சு விடுவதுபோல மெல்லிய ஆவி எழுந்தது. முறிந்த கிளையொன்றிலிருந்து சொட்டிய நீரை விரலில் ஏந்தி நாக்கில் வைத்தேன். தண்ணீர்தான். ஆனால் எங்கேயோ சர்க்கரையைச் சந்தித்துக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்த தண்ணீர்.

அன்று முதல் என் கால் தரையில் இல்லை. வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, மரங்களில் துளை போட்டு வாளிகளைத் தொங்கவிட்டேன். டொக்... டொக்... என்ற அந்தச் சத்தம் அலுவலகக் கூட்டங்களின் நடுவிலும் எனக்குக் கேட்டது.

நாற்பது வாளி நீரை வற்றக் காய்ச்சினால்தான் ஏறக்குறைய ஒரு வாளி பாகு கிடைக்கும். கனடாவில் அதற்கென்றே விறகு அடுப்பும் அகலத் தட்டுகளும் சேர்ந்த ஆவியாக்கிகள் விற்கிறார்கள். அது கப்பலேறி வருவதற்குள் வசந்தம் வந்து மரநீர் நின்றுவிடும்.

"எங்கடை பெரிய கிடாரத்திலை காய்ச்சினால் என்ன?" என்றாள் வதனி.

"ஆழம் கூடினால் ஆவி போகாது. அகலந்தான் முக்கியம்" என்று பொறியியலாளரின் குரலில் விளக்கினேன். (நான் படித்தது பாலம் கட்ட.)

செங்கல் அடுப்பு கட்டலாமா என்று யோசித்தேன், அடியில் ஈரமண். எண்ணெய்ப் பீப்பாயின் முதுகு உருண்டை, தட்டு குந்தாது. அப்போதுதான் எங்கள் தெருவில் யாரோ மாநகரசபை எடுத்துப்போகட்டும் என்று ஓர் இரும்புக் கோப்பு அலமாரியை வெளியே வைத்திருந்தார்கள். சுதன் வளவுக்குக் கொண்டுபோய் மல்லாக்கப் படுக்கவைத்தேன். லாச்சிகளை இழுத்தெடுத்த இடம் நெருப்புக்கு, மேலே சாப்பாட்டுக் கடைகளில் கறி வைக்கும் நீளமான ஸ்டீல் தட்டுகள், வால்பக்கம் புகைக்குழாய். இப்படி அலமாரியில் அடுப்புக் கட்டுபவர்கள் முதலில் ஒருநாள் வெறுமனே எரித்துப் பெயின்டைப் போக்கிவிட வேண்டும் என்று வாசித்திருந்தேன். அது பிறகுதான் ஞாபகம் வந்தது.

சுதனுக்குக் கலியாணப் பேச்சு நடந்த காலம் அது. அபிராவும் அவனும் போனில் பேசி மனம் ஒத்துப்போயிருந்தார்கள். அவளுடைய பெற்றோரின் சம்மதம்தான் பாக்கி. அவர்கள் சிட்னி பரமட்டாவிலிருந்து மகளோடு சனிக்கிழமை சுதனின் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு.

"பாலப்பத்துக்கு மேலை என்ரை பாகை ஊத்திக் குடுப்பம்" என்றேன்.

"நீங்கள் சும்மா இருந்தாலே பெரிய உதவி" என்றாள் வதனி.

சனி காலை அடுப்பை மூட்டினேன். தட்டுகள் கொதித்தன. நுரை பொங்கியபோது ஒரு துளி பட்டர் போட்டேன், சொன்னபடி அடங்கியது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது. கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். இனிப்பு மணத்தோடு வெள்ளை ஆவி எழுந்து மலைப்பனியோடு கலந்தது. எது பனி, எது ஆவி, எது நான் என்று தெரியவில்லை. போத்தல்களில் என் பெயர் மின்னுவதைக் கண்டேன். விக்ரோரியா முழுவதும் காலைச் சாப்பாட்டு மேசைகளில் என் பாகு பொன்னாக ஓடிக்கொண்டிருந்தது...

"அத்தான்! கறுப்புப் புகை!"

முன்தட்டுகள் வற்றிக் கருகியிருந்தன. நல்ல நெருப்புக் கண்ட அலமாரி, அலுவலகக் காலத்துப் பெயின்டையெல்லாம் ஒரேயடியாகக் கக்கியது. காட்டுத்தீயைக் கண்டு பயந்திருந்த ஊர் அது. எதிர்வீட்டு மூதாட்டி ஏற்கெனவே தொலைபேசியை எடுத்துவிட்டார்.

தீயணைப்பு வண்டி சைரனோடு ஒழுங்கைக்குள் திரும்பியது. அதன் பின்னாலேயே, வழி விலக முடியாமல், பெண் வீட்டாரின் கார்.

தாடி வைத்த தீயணைப்பு வீரர் குழாயையும் தட்டுகளையும் ஆவியையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன மேட், விஸ்கியா?"

"நோ! சிரப்!" என்று கத்தினேன். கத்தியதால் அது இன்னும் பொய்யாகக் கேட்டது.

காரிலிருந்து இறங்கிய அபிராவின் தகப்பன் மனைவியின் காதில் சொன்னார். காதில்தான் சொன்னார், வளவு முழுக்கக் கேட்டது. "கசிப்புக் காய்ச்சுறாங்கள் போல கிடக்கு." (கசிப்பு என்றால் எங்கள் ஊரில் கள்ளச்சாராயம்.)

சுதன் முகத்தில் இரத்தமே இல்லை. என் ஒரு கனவுக்காக அவன் வாழ்க்கை புகையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அபிரா யாரையும் கேட்கவில்லை. குசினிக்குள் போய் ஒரு கரண்டியோடு வந்தாள். புகைக்குழாயருகே தப்பியிருந்த கடைசித் தட்டில் கரும்பழுப்பாகக் கொஞ்சம் தங்கியிருந்தது. வழித்து, ஊதி, நாக்கில் வைத்தாள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தோம்.

"சிரப்தான் அப்பா" என்றாள். "கொஞ்சம் டயர் கடை மணம்."

பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள். சுதனும் சிரித்தான். வதனி பாலப்பத்தோடு வந்தாள். தீயணைப்பு வீரர்கள் அலமாரிக்குத் தண்ணீர் அடித்துவிட்டு ஆளுக்கு இரண்டு சாப்பிட்டார்கள். (பாகைத் தொடவில்லை.)

"யோசிச்சுச் சொல்லுறம்" என்று போன தகப்பனார் ஒரு வாரம் கழித்துப் போன் எடுத்துச் சம்மதம் சொன்னார். "ஒண்டு மட்டும். கலியாணத்திலை அந்த மனிசனைச் சமையல் பக்கம் விடாதேங்கோ."

விடவில்லை. ஆனால் சிட்னி மண்டபத்தில் நான் கைகழுவிக்கொண்டு நின்றபோது, முன்பின் தெரியாத ஓர் அங்கிள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு நெருங்கி வந்தார்.

"தம்பிதானே மெல்பேர்னிலை காய்ச்சுறது? போத்தல் ஏதும் கொண்டு வந்தனீரோ?"

"ஐயோ அங்கிள், அது வெறும் சிரப்" என்றேன்.

அவர் என் தோளைத் தட்டி, ஒரு கண்ணைச் சிமிட்டினார். "ஓமோம். சிரப்."