பூனை அமீனா படுக்க மறுத்த ஆறு வாரம்

திருச்சி ஜில்லாவில் பூனை அமீனாவிடமிருந்து தப்பித்தவர் என்று ஒருவர்கூடக் கிடையாது. சும்மா சொல்லவில்லை. அவர் கொண்டுபோன சம்மன்களைப் பதிவேட்டில் ஏற்றிய குமாஸ்தா நான். ஐம்பத்தெட்டு முதல் ஒரு முன்சீப் கோர்ட்டில் ஜன்னல் பக்கத்து மேஜை என்னுடையது. தேதி விஷயத்தில் நான் கறார். என் கல்யாணத் தேதியைக்கூடப் பத்திரிகையை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

அமீனா வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒருவர் மேல் வழக்குப் போட்டால், 'இன்ன தேதியில் வந்து பதில் சொல்' என்று கோர்ட் சம்மன் அனுப்பும். அதை அந்த ஆளின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வருபவர் அமீனா. ஆள் அகப்படாவிட்டால் இரண்டு சாட்சிகளை வைத்து வாசல் கதவில் ஒட்டிவிட்டு வரலாம், சட்டத்தில் இடமுண்டு. மற்ற அமீனாக்கள் பசை டப்பாவும் கையுமாகத்தான் அலைந்தார்கள். பூனை அமீனா பசையைத் தொட்டதில்லை.

"ஒட்டிட்டு வர நான் என்ன சினிமா போஸ்டர்காரனா, தம்பி சார்? ஆள் கையில கொடுக்கணும். அவன் மூஞ்சி போற போக்கைப் பாக்கணும். அதுதான் வேலை" என்பார்.

நான் குமாஸ்தா என்பதால் சார். அவர் மகன் வயது என்பதால் தம்பி.

தெரு முனையிலேயே செருப்பைக் கழற்றிக் குடையோடு சேர்த்து அக்குளில் இடுக்கிக்கொள்வார். அதற்கப்புறம் அவர் வருவது நாய்க்கும் தெரியாது. பூனை என்ற பெயர் அப்படி வந்ததுதான். காவல் இருக்கும்போது பீடி பிடித்தால் புகை காட்டிக்கொடுத்துவிடும் என்று இடது கன்னத்தில் புகையிலை அடக்கிக்கொள்வார். இருபத்தேழு வருஷம் அதே கன்னம்.

ஸ்ரீரங்கத்தில் சுவர்த் தகராறு வழக்கு ஒன்று. பிரதிவாதி அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர், அமீனாவைக் கண்டதும் காவிரிக்குள் முங்கிவிட்டார். அமீனா பதறவில்லை. படியில் இருந்த அவருடைய உலர்ந்த வேஷ்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிரதிவாதி எழுந்தார், பார்த்தார், மறுபடி முங்கினார். எட்டு முறை என்று அமீனா சொன்னார். சாட்சி கையெழுத்துப் போட்ட புரோகிதர் ஆறு என்றார்.

"ஓய், வேஷ்டியக் கொடுங்காணும்!"

"கொடுக்கறேன் ஸ்வாமி. இதையும் சேத்து வாங்கிக்கணும். கை ஈரம், தொடச்சுக்குங்க."

மண்ணச்சநல்லூர் அரிசி மில் முதலாளி ஒருவர் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்தார். அமீனா குடையை விரித்துத் தவிட்டை மெதுவாக விசிறிவிட்டார். இரண்டாவது நிமிஷம் பெரிய தும்மல். "நூறு ஆயுசு! இந்தாங்க, இங்க ஒரு கையெழுத்து."

லால்குடிப் பக்கத்தவர்களின் உபாயம் வேறு. அமீனா வருகிறார் என்றால் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுரம் என்று படுத்துவிடுவார்கள். "படுத்தவனுக்குக் கொடுக்கறதுதான் தம்பி சார் இருக்கறதுலயே சுலபம்" என்பார் அமீனா. "எங்கயும் போயிட மாட்டான். கை வெளியதானே இருக்கும்? என்னை அலைய வெச்சவன் எல்லாம் நடந்துகிட்டே இருந்தவன்."

இந்த அனுபவ அறிவுதான் பின்னால் ஓர் ஆஸ்பத்திரியை ஆறு வாரம் ஆட்டிவைத்தது.

அறுபத்திரண்டில், ஆனி மாதக் கடைசியில், இடது கன்னத்தின் உள்ளே ஆறாத புண் ஒன்றைக் காட்டினார். மிளகாய் பட்டால் எரிகிறது என்றார். டாக்டர் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்று என்று வந்தது. 'கரண்ட் வைப்பது' என்று ஜனங்கள் சொல்லும் கதிர் சிகிச்சை வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டும், அசையாத ஓய்வு. அந்தக் காலத்தில் நோய் என்றால் படுக்கை. பெரிய நோய் என்றால் பெரிய படுக்கை.

அமீனாவுக்கு அடுத்த வைகாசியில் ஐம்பத்தைந்து முடிந்து ஓய்வு. லீவு விண்ணப்பத்தை வாங்கிக்கொண்ட ஹெட் கிளார்க் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "திரும்பி வரும்போது, நடந்து வேலை பாக்கத் தகுதின்னு டாக்டர் எழுதிக் கொடுக்கணும்ங்க. இல்லாட்டி உடம்பு முடியாதவர்னு இப்பவே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

நோய் என்று சொன்னபோது மாறாத முகம் அப்போது மாறியது. தான் கொடுத்த அத்தனை பேர் முகத்திலும் அவர் பார்த்த மாற்றம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

"வைகாசி வரைக்கும் என் காலாலயே நடந்து, என் காலாலயே வெளிய போகணும் தம்பி சார்" என்றார் என்னிடம். "ஆறு வாரம் படுத்தா இந்தக் கால் என் பேச்சைக் கேக்காது."

ஆடிப்பெருக்குக்கு அடுத்த திங்கட்கிழமை கரண்ட் ஆரம்பம். சனிக்கிழமை நான் பார்க்கப் போனேன். கட்டிலில் அவர் இல்லை. பக்கத்தில் கஞ்சித் தூக்கோடு அவர் மனைவி மங்களம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"ஊர்ல இருக்கறவனையெல்லாம் துரத்தியாச்சு. இப்ப எமனுக்கு ஆட்டம் காட்டப் போறாராம். நீங்களாவது சொல்லுங்க தம்பி."

தாழ்வாரத்துக் கோடியில் கண்டுபிடித்தேன். அவர் விளக்கினார். "எமன் யாரு? அவனும் ஒரு அமீனாதானே. நம்பர் பாத்து, கட்டில் பாத்து வருவான். ஆள் படுத்திருந்தா கொடுத்துட்டுப் போயிடுவான். நாம தாழ்வாரத்துல இருந்தா? தேடணும். அவனுக்கும் வேற ஊரு, வேற கேஸு இருக்கும்ல?"

"ஒட்டிட்டுப் போயிட்டான்னா?"

கொஞ்சம் யோசித்தார். "தொழில் தெரிஞ்ச ஆளு அப்படிச் செய்ய மாட்டான்."

டாக்டருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மெட்ராஸில் படித்தவர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முதல் வாரத்தில் அவருடைய கண்ணாடி மிகச் சுத்தமாக இருந்தது. அவர் கிழக்கு வாசலில் நுழைந்தால் அமீனா மேற்கு வாசலுக்கு வெளியே இருப்பார். இரண்டாவது திங்கட்கிழமை கட்டிலில் போர்வை மூடி ஓர் உருவம் படுத்திருந்தது. டாக்டர் திருப்தியோடு நாடி பார்க்கப் போர்வையை விலக்கினார். உள்ளே தலையணையும் குடையும் இருந்தன.

"குடைக்கு நாடி பாக்க நான் படிக்கலை, சிஸ்டர்" என்றார். ஒரு தாளில் 'அசையாமல் படுத்திருக்க வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிட்டுப் போனார்.

அரை மணியில் அமீனா அந்தத் தாளோடு டாக்டர் அறைக்கே வந்தார். "இது செல்லாதுங்க டாக்டரய்யா. ஆள் இதே கட்டடத்துல இருக்கான், தேடாம ஒட்டிட்டுப் போயிட்டீங்க. நேர்ல கொடுக்கணும்."

டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அமீனா ஆஸ்பத்திரித் தோட்டத்து வேப்ப மரத்தடிக்குப் போனபோது, அவர் வழக்கமாக உட்காரும் கல்லில் டாக்டர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கழற்றி வைத்த பூட்ஸ்.

"சத்தம் கேக்கக் கூடாதுன்னு கழட்டிட்டு வந்து உக்காந்திருந்தாரு தம்பி சார்" என்று என்னிடம் சொன்னபோது அமீனாவின் குரலில் மரியாதை இருந்தது. "சொல்லிக் கொடுத்து வர்றதில்ல அது."

டாக்டர் திட்டவில்லை. நாடி பார்த்தார். தூக்கம் வருகிறதா என்றார். வருகிறது. கஞ்சி இறங்குகிறதா? இறங்குகிறது. வார்டில் மற்ற ஏழு பேருக்கும் இரண்டும் சரியில்லை. டாக்டர் நீண்ட நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு நிபந்தனைகள் சொன்னார்: காய்ச்சல் அடித்தால் படுக்க வேண்டும். தலை சுற்றினால் அந்த இடத்திலேயே உட்கார வேண்டும். கரண்ட் வைத்த கன்னத்தில் வெயில் படக் கூடாது. துணையில்லாமல் நடக்கவே கூடாது.

கடைசி நிபந்தனைதான் சிக்கல். துணைக்கு எங்கே போவது? வார்டில் எல்லோரும் படுத்திருந்தார்கள். அதற்குள் மூன்றாவது வாரம் வந்து, வாயெல்லாம் வெந்து, அமீனாவுக்குப் பேச்சும் முடியாமல் போயிற்று. ஒரு சீட்டில் எழுதி மங்களம்மாளிடம் கொடுத்தனுப்பினார்: 'கெட்டுப்போன சம்மன் பாரம் இருந்தால் பத்து அனுப்பவும்.' மை கொட்டி வீணான அச்சுப் படிவங்கள் கிடந்தன. அனுப்பினேன். பதிவேட்டில் ஏற்றவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

முதல் சம்மன் ஆறாம் நம்பர் கட்டிலுக்கு. ரஹீம் பாய், பெரிய கடை வீதியில் அத்தர் வியாபாரம், கழுத்தில் கட்டி. ஒன்பது நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்.

'வாதி: வேப்ப மரம். பிரதிவாதி: ரஹீம் பாய். தாங்கள் ஒன்பது தினங்களாகக் கட்டிலைச் சட்ட விரோதமாக அனுபவித்து வருவதாக மேற்படி வாதி வியாஜ்யம் தொடர்ந்திருப்பதால், நாளைக் காலை ஆறு மணிக்கு மரத்தடியில் நேரில் ஆஜராக வேண்டியது. தவறினால் தாங்கள் இல்லாமலே தீர்மானிக்கப்படும்.'

"யா அல்லா!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார் பாய். "நாப்பது வருஷமாக் கடை வெச்சிருக்கேன், கோர்ட் வாசப்படி மிதிச்சதில்ல. மௌத்தாகப் போற நேரத்துல எனக்குக் கேஸா? அதுவும் மரம் போட்ட கேஸா?"

அமீனா கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். பாய் இன்னொரு முறை படித்தார். வந்த நாள் முதல் சிரிக்காதவர் சிரித்தார். கழுத்து வலிக்க வலிக்கச் சிரித்தார். மறுநாள் காலை சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, வக்கீல் வைக்காமல், நேரில் ஆஜரானார்.

அந்த வாரத்துக்குள் ஐந்து பிரதிவாதிகள். மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும் என்பது அமீனாவின் சட்டம். வேகக்காரர் முன்னால் போனால் மற்றவர்கள் தப்பிவிடுவார்களாம். மரத்திலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து மரம். முடியாதவர் ஒரு சுற்று, முடிந்தவர் மூன்று. டாக்டர் ஜன்னலில் நின்று பார்ப்பார். கண்ணாடி மூக்கிலேயே இருக்கும்.

ஐந்தாவது வாரத்துச் சனிக்கிழமை நான் போனபோது அமீனா கட்டிலில் இருந்தார்.

போர்வையை விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. குடை கட்டிலுக்கடியில் கிடந்தது. மூன்று நாளாகக் காய்ச்சல், எச்சில்கூட விழுங்க முடியவில்லை என்றார் மங்களம்மாள். அன்று காலையில்தான் சூடு இறங்கியதாம். டாக்டர் எழுந்து உட்காரச் சொல்லியும் எழவில்லை. கரண்டும் போதும் என்று சைகை காட்டிவிட்டார். என்னைக் கண்டதும் பென்சிலை வாங்கி ஒரு வரி எழுதினார். சம்மன் கொடுத்துவிட்டு வந்து வழக்கமாக எழுதும் வரிதான் அது, இந்த முறை எமனுக்கு: 'ஆள் வீட்டில் இருக்கிறார்.'

எழுதிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். பதிவேட்டில் ஏற்றுவதற்கு மட்டுமே பழகியவன் நான்.

அப்போது ரஹீம் பாய் வந்தார். செருப்பு அவர் அக்குளில் இருந்தது. ஓசையில்லாமல் கட்டிலைச் சுற்றிச் சுவர்ப் பக்கம் போய், அமீனாவின் முகத்துக்கு நேரே ஒரு பாரத்தை நீட்டினார். பாயின் கோணல் எழுத்து. வாதி: வேப்ப மரம். பிரதிவாதி: பூனை அமீனா. நாளைக் காலை ஆறு மணி.

அமீனா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கையை உள்ள வெச்சுக்கிட்டா விட்டுடுவேனா?" என்றார் பாய். "நான் இங்கயே உக்காருவேன். நீங்க எந்திரிக்கற வரைக்கும் கஞ்சி குடிக்க மாட்டேன். அப்பறம் என் பீவி வந்து உங்களைத்தான் கேப்பா."

கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் மணி பார்த்தேன். கடைசியில் போர்வை ஓரத்திலிருந்து ஒரு கை வந்து, பாரத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டது. வாங்கிக்கொண்டவர் ஆஜராகாமல் இருப்பதை இருபத்தேழு வருஷமாகப் பொறுத்துக்கொள்ளாத கை அது.

மறுநாள் ஞாயிறு. நானும் ஆறு மணிக்குப் போயிருந்தேன். ஒரு பக்கம் பாய், ஒரு பக்கம் டாக்டர். கட்டிலிலிருந்து வார்டு வாசல் வரை பதினோரு அடி. அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்தார் டாக்டர். "இன்னைக்கு இது போதும். ஆஜர் ஆனதா எழுதிக்கலாம்." திங்கட்கிழமை கரண்டுக்குப் போனார். வெள்ளிக்கிழமை மரத்தடிக்குப் போனார். மீதிக் கரண்டும் முடிந்தது.

புண் முழுக்க ஆறிக் கார்த்திகையில் வேலைக்குத் திரும்பியபோது கொண்டுவந்த சான்றிதழ் வழக்கமான வாசகத்தில்தான் இருந்தது. அடியில் மட்டும் டாக்டர் கையால் ஒரு வரி: 'இவர் நடக்கத் தகுதியானவர், படுக்கத்தான் தகுதியில்லை.' ஹெட் கிளார்க் இரண்டு முறை படித்துவிட்டு, கோப்பில் வைக்கலாமா என்று என்னைக் கேட்டார். வைத்தோம்.

வைகாசி வரை நடந்தார், புகையிலை இல்லாமல். பசை டப்பாவும் இல்லாமல். கடைசி நாள் மாலை என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். வந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கையில் மை கொட்டிய பாரம்.

"என்ன அமீனா, எனக்கா?"

"அஞ்சு வருஷமா அந்த நாற்காலிய விட்டு எந்திரிக்கலையே நீங்க. கையெழுத்துப் போடுங்க தம்பி சார்."

ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்தடி, தினமும் காலை ஆறு மணி, நேரில். போட்டேன். அம்மா மண்டபம் வரை போய்த் திரும்புவோம். ஆறு வருஷத்துக்கு நாலு மாதம் குறைவு. எத்தனை நாள் தவறினேன் என்பதும் குறித்து வைத்திருக்கிறேன், அதிகமில்லை.

கன்னத்தில் வந்தது திரும்ப வரவில்லை. அறுபத்தொன்பது தை மாதம், நான் வெளியூர் போயிருந்த ஒரு காலையில், மாரடைப்பு. படித்துறையில் கால் கழுவ உட்கார்ந்தவர்தான். "உக்காந்தாரு தம்பி. அந்த ஒரு நிமிஷம் பாத்து வந்து கொடுத்துட்டான்" என்றார் மங்களம்மாள்.

நான் இப்போதும் ஆறு மணிக்குப் போகிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன், வேறு வழியில்லை. கோபுரத்தைத் தாண்டியதும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பேன். பின்னால் செருப்புச் சத்தம் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் அவர் கூட வந்த நாட்களிலும் கேட்டதில்லையே.