நானாவின் விரலுக்குப் பின்னால்

கண்டியில் ஒரு பிளேன்டீ வாங்குவதைக்கூட உயிர் போகிற விஷயமாக்கத் தெரிந்த ஒரே மனிதர் ரிப்பீட் நானாதான்.

"தங்கச்சி, சீனி இல்லாம ஒரு பிளேன்டீ."

"சரி நானா."

"சரி இல்ல. நான் சொன்னதெ திருப்பிச் சொல்லுங்க."

"சீனி இல்லாம ஒரு பிளேன்டீ."

"அதுதான் சரி."

இது எங்கள் ஆஸ்பத்திரி கன்டீனில் தினமும் நடக்கும். பின்னால் நிற்பவர்களுக்குப் பசியே போய்விடும்.

எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் அவர் பக்கத்து ஊரான அக்குறணைக்காரர். வளைகுடா நாடொன்றில் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கடை போட்டு உட்காருவார் என்று சொந்தக்காரர்கள் காத்திருக்க, மனிதர் எங்கள் தனியார் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் அறைக்கு ஆபரேட்டராக வந்து சேர்ந்தார். மேற்பார்வையாளன் நான். என் களைப்பு அன்றைக்குத் தொடங்கியது.

எங்களிடம் இருந்தவை இரண்டே ஜெனரேட்டர்கள். ஒன்று வார்டுகளுக்கு, மற்றது ஆபரேஷன் தியேட்டருக்கு. அவற்றை நானா அணு உலை போலவே நடத்தினார். எந்தப் பட்டனையும் தனியாக அமுக்க மாட்டார். விரலை அதன்மேல் வைத்து, செய்யப்போவதைச் சத்தமாகச் சொல்வார். பின்னால் ஒருவர் நின்று விரலைப் பார்த்து, அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் நான்தான். மழைக்காலத்தில் கரண்ட் போகும், வரும். நான் மாடிப்படி இறங்குவேன், ஏறுவேன். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

"இவ்வளவு அனுபவம் உள்ள உங்களுக்குப் பின்னால ஆள் எதுக்கு நானா?"

"அனுபவம் ஈக்கிறதாலதான் தம்பி ஆள் வேணும். பழகின கை பாக்காமலே போகும்."

ஒரு பிற்பகல் ஹந்தானை மலைப் பக்கம் இடி இடித்துக் கரண்ட் போனது. இரண்டு ஜெனரேட்டர்களும் ஓடின. தியேட்டரில் தெல்தெனியவிலிருந்து வந்த பெண்ணுக்குச் சிசேரியன். வெளியே நின்ற அவள் புருஷன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சேர், உள்ள லைட் போகாதுதானே?" என்றான். போகாது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

கரண்ட் திரும்பியதும் வார்டு ஜெனரேட்டரை மட்டும் நிறுத்துவோம். ஆபரேஷன் முடியும்வரை தியேட்டருடையதைத் தொடக்கூடாது; மாறும் நொடியில் உள்ளே லைட் போய்விடும். அன்று மாற்று ஆள் வராததால் நானா இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து நின்று கண் சிவந்திருந்தார். நானும் சுவரில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். கரண்ட் வந்தது.

"வார்டு ஜெனரேட்டர நிப்பாட்டப் போறேன்" என்றார்.

வாய் சரியாகத்தான் சொன்னது. விரல் இருந்தது தியேட்டர் பட்டனில்.

"நில்லுங்க நானா."

விரல் நின்றது. குனிந்து பார்த்தார். மெல்ல எடுத்துச் சரியான பட்டனில் வைத்து மறுபடியும் சொன்னார். நானும் திருப்பிச் சொன்னேன். அப்போது மேலே குழந்தையின் அழுகுரல் கேட்டது என்று எழுத ஆசைதான். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு புருஷன் வந்து டொபி நீட்டியபோதுதான் தாயும் பிள்ளையும் சுகம் என்று தெரிந்தது.

டொபியை வாயில் போட்டுக்கொண்டு நானா நடந்ததைச் சொல்ல நிர்வாகியிடம் கிளம்பினார்.

"ஒண்ணும்தான் நடக்கலையே நானா. விடுங்க."

"நடக்காமப் போனதெத்தான் தம்பி சொல்லணும். நடந்தா நாம சொல்லத் தேவல்ல, எல்லாருக்கும் தெரியும்."

அவர் முன்பு வேலை செய்த இடத்தில் இப்படி வந்து சொல்கிறவரைப் பாராட்டுவார்களாம். எங்கள் ஆஸ்பத்திரியிலோ தன் பிழையைத் தானே வந்து சொன்ன ஆளை அதுவரை யாரும் கண்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "பின்னால ஆள் நிக்கணும்னு சொன்னதே அவர்தான் சேர்" என்று நான் வாதாடினேன். நிர்வாகி தலையை ஆட்டினார், முடிவை மாற்றவில்லை.

புது ஆபரேட்டரும் வரவில்லை. செலவு மிச்சம் என்று அந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பின்னால் நிற்க ஆளில்லை. அதனால் ஒரு கையில் போன், மற்றக் கை விரல் பட்டனில். அக்குறணையிலுள்ள நானாவுக்கு வீடியோ கால்.

"விரலெ இன்னும் கிட்டக் காட்டுங்க தம்பி."

காட்டி, செய்யப்போவதைச் சொல்வேன். அவர் திருப்பிச் சொல்வார். அமுக்குவேன். பிறகு நான் ஒன்று சொல்வேன்.

"நேரத்துக்கு மருந்து குடிங்க நானா. உடம்பப் பாத்துக்கோங்க."

"சரி தம்பி."

"சரி இல்ல. திருப்பிச் சொல்லுங்க."

"நேரத்துக்கு மருந்து குடிக்கணும். உடம்பெப் பாத்துக்கணும்."

அதை அவர் வாயால் கேட்காமல் நான் போனை வைப்பதில்லை.